ஆனந்தக் கண்ணீர் என்று போட்டார்கள்

எங்கள் கட்டடத்தின் பின்பக்கம், தண்ணீர் மோட்டார் அறையை ஒட்டினாற்போல் இருக்கிற ஒற்றை அறையில் குடியிருப்பவளைத் தெருவே வேன் அக்கா என்றுதான் கூப்பிடும். என்னைவிட வயதில் சின்னவள். ஆனாலும் ஊரோடு ஒத்து நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவள் வேலை. வண்டி முழுதாக நிற்பதற்குள் குதித்துவிடுவாள். ஒவ்வொரு பிள்ளையாக இறக்கி, சாலையைக் கடத்தி, வீட்டு ஆளின் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவாள். ஆள் வரத் தாமதமானால், டிரைவர் ஹாரன் அடித்து உயிரை எடுத்தாலும் ஏறமாட்டாள். வாந்தி எடுத்த பிள்ளையைப் பெற்றவளே மூக்கைப் பொத்திக்கொண்டு வாங்கும்போது, இவள் முகம் சுளிக்காமல் துடைத்து, தலை சீவிக் கொடுப்பாள்.

கட்டடத்தின் முன்பக்கம் என் ஜெராக்ஸ் கடை. அங்கே உட்கார்ந்தால் வருகிறவர் போகிறவர் யாரும் என் கண்ணுக்குத் தப்ப முடியாது. வேன் அக்காவிடம் சில விசித்திரங்கள் இருந்ததும் எனக்குத் தெரியும். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். யாராவது போனைத் தூக்கிப் பிடித்தால் போதும், இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடுவாள். ஜன்னலில் கனத்த போர்வை ஒன்றை ஆணி அடித்து மாட்டியிருந்தாள். கதவில் ஏற்கெனவே இருந்த தாழ்ப்பாள் போதாதென்று மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் குறுக்காக ஓர் இரும்புப் பட்டை.

"என் கதவ சல்லடையாக்கிட்டா. உள்ள என்ன புதையலா இருக்கு?" என்று வீட்டு ஓனர் மாமா புலம்புவார். மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பகல் முழுக்கச் செய்ய ஒன்றுமில்லாததால் ஊருக்கெல்லாம் உதவி செய்வதையே வேலையாக வைத்திருப்பவர்.

நாங்கள் இதையெல்லாம் கூச்சம் என்று நினைத்தோம். பள்ளி ஆண்டு விழாவில் அவளை மேடைக்கு அழைத்தபோது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி கழிப்பறைப் பக்கம் போய் நின்றுகொண்டாள். தலைமை ஆசிரியை மைக்கில், "இதுதான் தன்னடக்கம்" என்றார். அன்றிலிருந்து அந்தப் பட்டம் அவள் தலையில் உட்கார்ந்துவிட்டது. அவள் மறுக்க மறுக்க அது வளர்ந்தது.

ஒவ்வொரு வருஷமும் பள்ளியில் சமூக சேவை வாரம் வரும். பிள்ளைகள் தெருவைப் பெருக்குவார்கள், மரக்கன்று நடுவார்கள், ஆடு வந்து அதைத் தின்றுவிட்டுப் போகும். இந்த முறை பதினோராம் வகுப்புப் பிள்ளைகள், உருப்படியாக ஏதாவது செய்யலாம் என்று கூடிப் பேசியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தலைவி உண்டு. நெட்டையான, கண்ணாடி போட்ட பெண். அவள் அம்மாகூட வீட்டில் அவளை லீடர் என்றுதான் கூப்பிடுகிறாளாம். வேன் அக்காவுக்குத் தெரியாமல் அவள் அறையைப் புதுப்பித்து, திடீரென்று காட்டிச் சந்தோஷப்படுத்துவது என்று அந்த லீடர் முடிவு கட்டினாள்.

தெருவே சேர்ந்துகொண்டது. என் கணவர் ஒரு மின்விசிறி கொடுத்தார். மாடியில் டியூஷன் எடுக்கும் டீச்சர் வெள்ளை நிறத்தில் மெல்லிய ஜன்னல் திரை தைத்துக் கொடுத்தார். "நல்ல காரியத்துக்கு நான் குறுக்க நிப்பேனா?" என்று ஓனர் மாமா மாற்றுச் சாவியையே எடுத்துக் கொடுத்துவிட்டார். எனக்கு இந்த 'சர்ப்ரைஸ்' என்ற வார்த்தையே ஆகாது. ஆனால் என் பேச்சை யார் கேட்கிறார்கள்? டீ போட்டுக் கொடுத்ததோடு சரி.

அன்று மதியம் வேனிலிருந்து இறங்கி வந்த வேன் அக்கா, தன் அறைக் கதவு திறந்து கிடப்பதைத்தான் முதலில் பார்த்தாள். நடந்து வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நான் அவளுக்குப் பின்னால்தான் இருந்தேன்.

உள்ளேயிருந்து பிள்ளைகள் "ஹோ" என்று கத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். சுவரெல்லாம் இளமஞ்சள் வண்ணம். போர்வை போன இடத்தில் வெள்ளைத் திரை, அதன் வழியே அறையின் மூலை முடுக்கெல்லாம் வெளியே தெரிந்தது.

"நல்லா வெளிச்சமா இருக்குல்ல அக்கா?" என்றாள் லீடர். "கதவப் பாருங்க. அந்தத் துருப்பிடிச்ச தாழ்ப்பாளெல்லாம் கழட்டிட்டோம். ஓட்டையில பட்டி வச்சு அடைச்சு பெயிண்ட் அடிச்சுட்டோம். இருந்த இடமே தெரியல பாருங்க!"

"தாழ்ப்பாள் எங்க?"

"பழைய இரும்புக் கடையில போட்டாச்சு அக்கா!"

வேன் அக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்போதுதான் விரல் இடுக்கு வழியாக, தன்னைச் சுற்றிலும் இருந்த போன்களை அவள் பார்த்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதையும் எடுத்தார்கள். மாலைக்குள் வீடியோ தயார். பின்னணியில் உருக்கமான வயலின், அவள் அழும் இடத்தில் மெதுவான ஓட்டம், கீழே எழுத்து: ஆனந்தக் கண்ணீர்.

பொழுது சாய்கிற நேரத்தில் கடைக்கு வந்தாள். வெளியே நிற்கவில்லை, மிஷினுக்குப் பின்னால் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, அந்த வீடியோவ எடுத்துடச் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஏன் இப்படிக் கூச்சப்படற? நல்லதுதானே போட்டிருக்காங்க. பிள்ளைங்க மனசு ஒடிஞ்சு போயிடும்" என்றேன் நான், மகா புத்திசாலி மாதிரி.

"கூச்சம் இல்லக்கா." அவள் குரல் எழும்பவே இல்லை. "பயம். எனக்கு ஒரு வீட்டுக்காரர் இருக்கார். நான் உயிரோட ஓடி வந்தவ. அவர் என்னைத் தேடறத நிறுத்தல. கண்டுபிடிச்சா இந்தத் தடவ விடமாட்டேன்னு எங்க அண்ணன்கிட்ட சொல்லியிருக்கார். அவர் கையிலயும் போன் இருக்குமேக்கா."

உடனே லீடருக்குப் போன் போட்டு வரச் சொன்னேன். அந்தப் பெண் ஓடி வந்து, விஷயத்தைக் கேட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு வீடியோவை அழித்தாள். ஆனால் அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டிருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டியிருந்தார்கள். நடுவில், தன் முகத்துக்குப் பதில் ரோஜாப்பூ படம் வைத்த ஒருவர், "கண் கலங்கிவிட்டது. இது எந்த ஊர்?" என்று கேட்டிருந்தார். லீடரின் வகுப்பில் யாரோ ஒரு நல்ல பிள்ளை ஊர், தெரு, 'ஜெராக்ஸ் கடைக்குப் பின்னாடி' என்பது வரை பொறுப்பாகப் பதில் எழுதி வைத்திருந்தது.

அந்த ரோஜாப்பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது யாரோ ஒரு நல்ல மனுஷியாகவும் இருக்கலாம். எங்களுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் லீடர் புதுத் தாழ்ப்பாள்களோடு வந்தாள். தானே அடைத்த ஓட்டைகளைத் தானே மறுபடி துளைத்தாள். போர்வையும் பழைய இடத்துக்குப் போனது. தெருவில் வேறு யாரிடமும், முக்கியமாக ஓனர் மாமாவிடம், மூச்சு விடவில்லை. அவரிடம் ஒரு ரகசியம் சொல்வதும் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்று.

வேன் அக்கா பையைக் கட்டி வைத்துவிட்டாள். போகிறேன் என்றாள். ஆனால் போகவில்லை. "நாளைக்கு எல்கேஜி பாப்பாவோட அம்மா லேட்டா வருவேன்னு சொல்லியிருக்காங்க. அது முடியட்டும்" என்பாள். அடுத்த நாள் வேறொரு பிள்ளைக்குக் காய்ச்சல். "புது ஆளு வந்தா அதுங்க அழும்க்கா. எத்தனை ஊருக்குத்தான் ஓடறது?" நானும் அவளை விரட்ட மனமில்லாமல், இருக்கச் சொல்லவும் தைரியமில்லாமல் இருந்தேன். கடைக்கு முன்னால் பைக் நின்றால் எழுந்து எட்டிப் பார்த்தேன். தெரியாத ஆள் ஜெராக்ஸ் கேட்டால், தாளைத் தலைகீழாக வைத்துப் பாழாக்கினேன்.

அவன் நடந்து வந்தான்.

வெளுத்த சட்டை, படிய வாரிய தலை, கையில் ஆப்பிள் பை. நான் மனதுக்குள் வரைந்து வைத்திருந்த முரட்டு மீசையெல்லாம் கிடையாது. "வணக்கம் மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று போனை நீட்டினான். அந்த வீடியோதான். முகத்தைப் பொத்தியிருந்த கைகளுக்கு மேல் அவன் கட்டைவிரல் இருந்தது. "இது என் சம்சாரம். கோவிச்சுக்கிட்டு வந்துட்டா. தேடாத இடமில்ல."

"தெரியலையே" என்றேன்.

லீடர் கடையில்தான் பிரின்ட் எடுத்துக்கொண்டிருந்தாள். "இவங்க வேலைய விட்டுப் போய்ட்டாங்க சார்" என்றாள், கீழே பார்த்துக்கொண்டே.

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் ஓனர் மாமா இறங்கி வந்தார். எட்டிப் பார்த்தார். "அட, நம்ம வேன் அக்கா! தம்பி யாரு?"

"அவளோட வீட்டுக்காரன் ஐயா."

"அடடா! சொல்லவே இல்லையே அந்தப் பொண்ணு! வாங்க வாங்க, வேன் வர்ற நேரம்தான். பையக் குடுங்க, நான் வச்சுக்கறேன்."

நான் அவர் காலை மிதித்தேன். "ஏம்மா கால மிதிக்கற?" என்றார் மாமா, தெருவுக்கே கேட்கும்படி.

வேன் வந்துவிட்டது. கதவு திறந்தது. வேன் அக்கா ஒரு காலைக் கீழே வைத்தவள், எதிர்ப்பக்கம் நின்றவனைப் பார்த்துவிட்டாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளே ஏறிக் கதவைச் சாத்தியிருக்கலாம். அப்படிச் செய்யமாட்டாளா என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஆனால் எல்கேஜி பாப்பா ஏற்கெனவே அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டது. அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள், பாப்பாவைச் சாலை கடத்தினாள், அதன் அம்மா கையில் பிடித்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தாள்.

அவன் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். நாங்கள் யாரும் கேட்டிராத பெயர்.

"எவ்ளோ மெலிஞ்சுட்ட" என்றான். கண்ணீர் வழிந்தது. நிஜமான கண்ணீர். அவன் அவள் கையைப் பிடித்தான், மெதுவாகத்தான் பிடித்தான்.

"புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும்மா" என்று மாமா இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றார். "மனுஷன் இவ்ளோ தூரம் தேடி வந்திருக்காரு. உள்ள போய் உக்காந்து மனசு விட்டுப் பேசுங்க."

பாப்பாவின் அம்மா தலையாட்டினாள். "பாவம், ஆம்பள அழறாரே" என்றார் டியூஷன் டீச்சர். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் சுற்றிலும் நின்றார்கள். எல்லார் முகத்திலும் இரக்கம். எனக்கு அவனைப் பார்த்துக்கூட அவ்வளவு பயமில்லை, எங்கள் தெருவைப் பார்த்துத்தான் பயமாக இருந்தது. மின்விசிறியும் திரையும் கொடுத்த அதே நல்ல மனதோடு இவளை அவன் கையில் எடுத்துக் கொடுத்துவிடப் போகிறார்கள். கத்த நினைத்தேன். கத்தவில்லை.

வேன் அக்கா நகரவில்லை. அவன் புன்னகை மாறாமல் அவள் காதருகே குனிந்தான். "வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு."

சின்னக் குரல்தான். ஆனால் மாமா பக்கத்திலேயே நின்றிருந்தார்.

அவர் முகம் குழம்பியது. "என்ன தம்பி சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல ஐயா. சும்மா பேச்சுக்கு."

"இருக்குன்னீங்களே. என்ன இருக்கு?" மாமா நிஜமாகவே கேட்டார். "வீட்ல அவளுக்கு என்ன இருக்கு? சொல்லுங்க."

அவன் சிரித்து மழுப்பினான். பதில் அவளிடமிருந்து வந்தது. அவன் பிடியிலிருந்து கையை உருவி, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றினாள். மணிக்கட்டிலிருந்து மேலே வரை, ஆறிச் சுருங்கிய சூட்டுத் தழும்புகள்.

"இது இருக்கு மாமா" என்றாள். "இந்தக் கையில இடம் பத்தலன்னா இன்னொரு கை இருக்கு."

பாப்பாவின் அம்மா பிள்ளையின் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து மறைத்துக்கொண்டாள். லீடர் போனில் போலீசைக் கூப்பிடுவது கேட்டது. தெருப் பெயரைச் சொல்லும்போது அவளுக்குத் திக்கியது. மாமா அவனுக்கும் அவளுக்கும் நடுவில்தான் இன்னமும் நின்றார், ஆனால் இப்போது முதுகு அவள் பக்கம் இருந்தது. "கிளம்புங்க தம்பி" என்றார். பிள்ளைகள் ஒவ்வொருவராக மாமாவின் பக்கத்தில் வந்து நின்றார்கள். ஒருவருக்கும் வீரம் கீரம் எதுவும் இல்லை. பயத்தில் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான்.

அவன் எல்லார் முகத்தையும் ஒரு முறை நிதானமாகப் பார்த்தான். "இடம் தெரிஞ்சுபோச்சுல்ல, பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு நடந்து போனான். அவசரமே படவில்லை. மாமா ஆப்பிள் பையோடு என் கடைப் படியில் சரிந்து உட்கார்ந்தார்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பாதித் தெரு கூட வந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் போலீஸ் எழுதுவதை நிறுத்தி, "பேரு?" என்றார். வேன் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவள் முதுகில் கை வைத்தேன். இரண்டாவது முறை கேட்டபோது, தெருவில் அவன் கூப்பிட்ட அந்தப் பெயரைச் சொன்னாள். கையெழுத்தும் போட்டாள்.

அவனைத் தேடுவதாகச் சொன்னார்கள். தேடட்டும். அதுவரைக்கும் வேனில் அவளோடு மாமா ஏறிக்கொள்வது, ராத்திரி அவள் அறையில் நான் துணைக்குப் படுப்பது என்று வாசலில் நின்றே பேசி முடித்தோம்.

லீடர் தயங்கித் தயங்கி அவள் பக்கத்தில் வந்தாள். "அக்கா, அது ரொம்ப அழகான பேரு. இனிமே உங்கள அந்தப் பேரு சொல்லியே கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்டா" என்றாள் அவள், பெண்ணின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு. "இப்பக்கூட யாராவது அந்தப் பேரச் சொன்னா, அடி விழப்போகுதுன்னு உடம்பு குறுகிப்போகுது. வேன் அக்கான்னே கூப்பிடு."