துறைமுகத்தின் அடியில் கிடந்த தட்டுகள்

போன வாரம் காசிமேட்டுக் கரையோரம் நடந்து வந்துகொண்டிருந்தேன். எதிரே வெள்ளை வேட்டியும் கறுப்புக் கோட்டுமாக ஒருவர். கையில் காகிதப் பொட்டலம். அலைக்குப் பக்கத்தில் போய், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பொட்டலத்தை ஓங்கிக் கடலில் எறிந்தார். என்ன சார் என்று கேட்டேன். உடைந்த விளக்குச் சிம்னியாம்.

"தெருவிலே போட்டா குழந்தைங்க கால்லே குத்திடும். அதான் இவ்வளவு தூரம் வந்தேன்."

நல்ல மனிதர். சந்தேகமே இல்லை. ஆனால் கடலுக்கு அடியிலும் கால் வைத்து நடக்கிறவர்கள் உண்டு என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அப்படி ஒருவருக்கு மூச்சு கொடுக்கும் வேலையைக் கொஞ்ச காலம் பார்த்தவன் நான்.

மூச்சு கொடுப்பதும் ஒரு வேலையா? வேலைதான். ரங்கூனிலிருந்து வெறுங்கையோடு திரும்பி, ராயபுரத்தில் ஒரு கோணிக் கிடங்கு வாசலில் படுத்துக்கொண்டிருந்த சமயம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனுக்கு யார் நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள்? துறைமுகத்தில் காற்று பம்ப் சுற்ற ஆள் வேண்டும் என்றார்கள். போய் நின்றேன். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்கள். சேர்த்துக்கொண்டார்கள்.

தண்ணீருக்குள் இறங்குகிறவர் பெயர் துலுக்காணம். காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. தலையில் செம்புக் கவசம், உடம்பில் ரப்பர் சட்டை, காலில் ஈயம் வைத்த செருப்பு. கவசத்திலிருந்து ஒரு குழாய் மேலே வரும். அதன் மறுமுனையில் எங்கள் பம்ப் — இரண்டு பக்கமும் ஆள் நின்று சுற்றுகிற பெரிய சக்கரம். அவர் கீழே இருக்கும்வரை கையை எடுக்கக் கூடாது. மூக்கில் ஈ உட்கார்ந்தால் ஊதித்தான் விரட்ட வேண்டும்.

அவர் இடுப்பில் ஒரு கயிறு. அதைப் பிடித்திருப்பவர் ஏகாம்பரம், துலுக்காணத்தின் மனைவிக்கு அண்ணன். வேறு யாரையும் துலுக்காணம் அந்தக் கயிற்றைத் தொட விட மாட்டார். காரணம் கேட்டேன்.

"வேற எவன்னா இருந்தா நடுவுல பீடி பத்த வைப்பான் நைனா. இவன் கையில அவன் தங்கச்சி தாலி கீது."

கடலடியில் என்ன இருக்கும் — பவழமா, முத்தா என்றெல்லாம் அவரைக் குடைவேன். சிரிப்பார். துறைமுகத்துக்குள் தரை என்பதே இல்லையாம். முழங்கால் வரை சாம்பலும் கரிக்கட்டியும்… ஸ்டீமர்கள் அடுப்பைக் கிளறிக் கொட்டியவை. அதன் மேல் எண்ணெய்ச் சேறு. சேற்றில் புட்டிகள், தகரங்கள். ஒரு பூட்ஸுக்குள் நண்டு குடித்தனம் நடத்துவதைப் பார்த்தாராம். வாடகை இல்லாத வீடு என்றார்.

ஒரு நாள் காலை. கப்பல்களைக் கட்டி நிறுத்துகிற மிதவையின் சங்கிலியைப் பார்க்க இறங்கினார். கொஞ்ச நேரம் கழித்து ஏகாம்பரம் வழக்கம்போலக் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தார். சௌக்கியம் என்றால் கீழேயிருந்தும் ஒரு இழுப்பு வர வேண்டும். வரவில்லை. மறுபடி இழுத்தார். கயிறு பூமியில் முளை அடித்துக் கட்டியதுபோல நின்றது.

ஏகாம்பரம் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. "சுத்து. நிக்காத. இன்னா ஆனாலும் சுத்து" என்றார், ரொம்ப மெதுவாக.

சுற்றினோம். தோள் மரத்துப் போயிற்று. அப்புறம் அது என் தோளா, பக்கத்து ஆளுடையதா என்றே தெரியவில்லை. உள்ளே ஒரு மனிதன் என் கையால் மூச்சு விடுகிறான்… அதை மட்டும் நினைத்துக்கொண்டு சுற்றினேன்.

கடைசியில் கயிறு அசைந்தது. துலுக்காணம் மேலே வந்தார். கையெல்லாம் கீறல். ஏதோ கப்பல் அறுத்துப் போட்ட இரும்பு வடம், சாம்பலுக்குள் சுருண்டு கிடந்து, காலிலும் கயிற்றிலுமாகச் சுற்றிக்கொண்டது. இருட்டில் கையால் தடவித் தடவி, அது சுற்றிய திசைக்கு எதிராகத் தன்னைத்தானே சுற்றி விடுவித்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் நின்ற கப்பல்களில் ஏதோ ஒன்று, எங்கள் கண்ணில் படாத மறுபக்கத்திலிருந்து குப்பையைக் கவிழ்த்தது.

"செப்புத் தொப்பி மேல ஆலங்கட்டி மாதிரி வுழுது. நான் உசுருக்குப் போராடிகினு கீறேன், தலை மேல சாம்பல் கொட்றான்."

கஞ்சி குடித்தார். எழுந்து நேராகத் துறைமுக ஓவர்சியரிடம் போனார். கூடவே நாங்களும். துலுக்காணம் கேட்டது ஒன்றுதான்: துறைமுகத்துக்குள் நிற்கிற கப்பல்கள் கழிவைத் தோணியில் போட வேண்டும், ஆள் இறங்குகிற தண்ணீரில் போடக் கூடாது.

எந்தக் கப்பல் போட்டது என்றார் ஓவர்சியர். தெரியாது என்றார் துலுக்காணம். ஓவர்சியர் கையை விரித்தார். "கடலுக்கு அடியிலே பேர் எழுதியா வச்சிருக்கு? போய் வேலையைப் பாருப்பா."

போனார். மறுநாள் இறங்கும்போது ஒரு கூடையையும் கொண்டு போனார். கூடை மேலே வந்தபோது அதில் பீங்கான் தட்டுகள். உடைந்தவை அல்ல, முழுத் தட்டுகள். சேற்றைத் துடைத்தால் நீல விளிம்பு, நடுவில் கப்பல் கம்பெனியின் பெயர். கழுவச் சோம்பல்பட்ட கப்பல் சமையலறைப் பையன்கள் எச்சில் தட்டையும் சேர்த்துக் கவிழ்த்திருக்கிறார்கள்.

துலுக்காணம் தட்டுகளை அந்தக் கம்பெனிக் கப்பலின் ஏணிக்குக் கீழே வரிசையாக அடுக்கினார். பிறகு ஓவர்சியரைக் கூப்பிட்டார்.

"பேரு எழுதித்தான் கீது சார்."

சண்டை வரும் என்று நாங்கள் தயாராக நின்றோம். கப்பலின் தலைமை பட்லர் இறங்கி வந்தார். தட்டுகளைப் பார்த்தார். துலுக்காணத்தின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினார்! காணாமல் போன தட்டுகளுக்காக அவர் மாதக்கணக்கில் வசை வாங்கிக்கொண்டிருந்தாராம். புயலில் உடைந்துபோயின என்று பையன்கள் சாதித்து வந்தார்களாம். தட்டைத் தூக்கிக்கொண்டு கேப்டனிடம் ஓடினார். கேப்டன் கம்பெனிக்குச் சொன்னார். கம்பெனி துறைமுகத்துக்குச் சொல்லிற்று. கழிவை ஏற்றிப் போகத் தோணி வந்துவிட்டது.

பாருங்கள்… ஒரு ஆள் சாகக் கிடந்தான், கேட்க நாதியில்லை. தட்டு என்றதும் கேப்டனே எட்டிப் பார்த்தார். எனக்கு வயிறு எரிந்தது. துலுக்காணத்துக்கு எரியவில்லை. "எதுக்கோ நிறுத்துனான். நிறுத்துனான்ல?" என்றார்.

ஆனால் அந்தத் தோணி எங்கே போகிறது? அதை நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் ஏகாம்பரம் சேதி கொண்டு வந்தார். அலைத் தடுப்புச் சுவரைத் தாண்டி, காசிமேட்டார் வலை விரிக்கிற இடத்திலேயே கொட்டுகிறார்களாம். துலுக்காணத்தின் தம்பி வலையில் மீனுக்குப் பதில் கரிக்கட்டி, வலையும் கிழிசல்.

நான் பம்ப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை பாடும் வீண்தானே என்றேன்.

"இன்னா வீணு? முன்னாடி எந்தக் கப்பல்னு தேடிகினு இருந்தோம். இப்ப ஒரே தோணி. சுளுவாப் பூட்ச்சு."

மறுநாள் எங்களுக்கு வேலை இல்லை. தோணி வருகிற நேரத்துக்குத் தம்பியின் கட்டுமரங்கள் அந்த இடத்தில் நின்றன. நானும் ஒன்றின் மேல் குந்தியிருந்தேன். கவசம் இல்லை, பம்ப் இல்லை. துலுக்காணமும் இன்னும் சிலரும் தண்ணீரில் இறங்கி மிதந்தார்கள். தோணியை ஓட்டி வந்த சாரங்கும் ராயபுரத்துக்காரர்தான். வழியை விடச் சொல்லிக் கத்தினார், கெஞ்சினார், தன் பிழைப்பைச் சொன்னார். துலுக்காணம் நகரவில்லை.

"உன் மேல கோவம் இல்ல மாமு. எங்க தலை மேல கொட்றதுன்னா கொட்டு. இல்லாட்டி அனுப்புனவரு கையில திருப்பிக் குடு."

சாரங்கு தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சுக்கானைத் திருப்பினார். வந்த சுமையோடு தோணி துறைமுகத்துக்குத் திரும்பி, ஓவர்சியர் ஆபீஸ் ஜன்னலுக்கு நேர் கீழே கட்டப்பட்டது. சமையலறைக் கழிவு, மீன் குடல், அழுகிய முட்டைக்கோசு… நல்ல வெயில் காலம் வேறு.

கரையிலேயே, பள்ளமான ஒரு நிலத்தைக் குப்பை கொட்டக் கண்டுபிடிக்க ஓவர்சியருக்கு மறுநாள் மத்தியானம்வரைகூட ஆகவில்லை!