ஐந்தாவது தூண் வரை

ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் இழுத்துப் போனேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை; சொல்ல நான் இடம் கொடுக்கவில்லை.

நேற்று சிராங்கூன் சாலையில் மல்லிகை வாசம் மூக்கில் ஏறியதும் வலது கட்டைவிரல் கடுத்தது. அதில் பல் பதிந்த தழும்பு இருக்கிறது. வீட்டில் நாய் கடித்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடமாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் மனநல ஆலோசகன். அதே சாலையில் ஒரு துணிக்கடை மாடியில் எங்கள் அறை. படிக்கட்டு முழுக்கப் புதுத்துணியின் கஞ்சி வாசம். போரில் ஆயுதக்காரர்கள் சிதைத்த யாழ்ப்பாணப் பெண் அவள். பிறகு கல்யாணமாகி இங்கே வந்தவள். பெயர் வேண்டாம். கோப்பில் அதைப் பற்றி ஒரு வரி இருந்தது. எங்கே, எப்படி என்று நான் கேட்கவில்லை. அதை நாசூக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிதோறும் மாலையில் அவள் கோயிலுக்கு எதிர்ச்சாரியில், கடைகளின் முன்னே தூண் வரிசையோடு ஓடும் ஐந்தடிப் பாதையில் நிற்பாள். உள்ளே போகமாட்டாள். பூக்கடை மாரி கேலி செய்வார்:

"ஒரு மொழம் பூ வாங்காது சார், என் ஃபேன் காத்த மட்டும் வாங்கிக்கும் லா."

"உள்ள கூட்டிட்டுப் போகட்டுமா?" என்றேன். சிரிப்பை நிறுத்தினார்.

"விடுங்க சார். மொதல்ல மூலைத் தூண்ல நின்னுச்சு. ரெண்டு வருஷத்துல கோயில் வாசல் பக்கமா அஞ்சாவது தூணுக்கு வந்துருச்சு. அதுவா வரும்."

நான் படித்தவன். பண்பாட்டை ஒட்டிய சிகிச்சை பற்றிய கட்டுரைகளில் அடிக்கோடு போட்டவன். தமிழ்ப் பெண், இந்து, ஆகவே கோயில்தான் மருந்து என்று முடிவு கட்டினேன். பூக்காரருக்கு என்ன தெரியும்!

அடுத்த வெள்ளி அவளை இழுத்துக்கொண்டு நுழைந்ததும் பூசை மணி அடித்தது. அவள் அலறினாள். கல் தூணில் நெற்றியை மோதினாள், மறுபடி மறுபடி. ரத்தம் வாய்வரை வழிந்தது. சட்டையில்லாத ஆண்கள் நாலு பேர் உதவிக்கு ஓடிவந்து அவளைத் தரையோடு அழுத்தினார்கள். "காலப் புடிங்க!" என்று கத்தியது நான்தான். என் விரலில் அவள் பல் எலும்புவரை இறங்கியது.

ஆம்புலன்சில் சொன்னாள்: "கோயிலுக்குள்ளதான் ஐயா செய்தவங்கள். வெளியில சத்தம் கேக்காமல் ஒருத்தன் மணி அடிச்சுக்கொண்டு நிண்டவன்."

நான் செய்ததைக் கோப்பில் என் கையாலேயே எழுதினேன். அவளிடம் கேட்டு, செங்காங்கில் ஒரு பெண் ஆலோசகரிடம் ஒப்படைத்தேன். வேலையை விட்டேன். பல மாதம் கழித்து, அனுமதி வாங்கிக்கொண்டு, புக்கிட் பாஞ்சாங்கில் அவள் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். கம்பிக் கதவை அவள் திறக்கவில்லை.

"இப்ப கொஞ்சம் நித்திரை வருது. அந்த அக்கா என்னைக் கேட்டுத்தான் எதையும் செய்யிறா," என்றாள். பிறகு, "அஞ்சு தூண் நானா நடந்தனான். நீங்கள் ஏன் ஐயா இழுத்தனீங்கள்?"



மாரியும் போய்விட்டார். பூக்கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள். நேற்றும் வெள்ளிதான். மணி அடித்தபோது எதிர்ச்சாரியில் தூண்களை எண்ணினேன். மூலைத் தூணிலும் யாரும் இல்லை.