ஏலக்காய் மாடியில் வாசித்த புத்தகங்கள்

போடி சந்தைத் தெருவில் குறுக்கே வந்த ஆட்டுக்குட்டிக்காக ஸ்கூட்டரை ஒடித்துத் திருப்பியதில் என் வலது மணிக்கட்டு விரிசல் விட்டது. ஆட்டுக்குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. எனக்குத்தான் மாவுக்கட்டு.

நான் வேலை பார்ப்பது ஒரு ஏலக்காய் கடையின் மாடியில். மலையிலிருந்து மூட்டையாக வந்து இறங்கும் காயைத் தட்டில் கொட்டி, வெடித்தது, கறுத்தது, வெளிறியது என்று பார்த்துப் பிரிப்பதுதான் எங்கள் சோலி. எல்லாரும் பெண்கள். கண்ணுக்கும் விரலுக்கும் ஓயாத வேலை, காது மட்டும் சும்மா கிடக்கும். போனில் சீரியல் ஓடவிட்டால் கண் காயை விட்டுப் போய்விடுகிறது என்று முதலாளி போனைத் தடை செய்திருந்தார்.

கட்டுப் போட்ட கையோடு போய் நின்றபோது, "கை சரியாகட்டும், அப்புறம் வாம்மா" என்றார் முதலாளி. நியாயம்தான். ஆனால் பகல் முழுக்க வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது. அப்போது மாடிப்படியில் நின்றபடியே எனக்காகப் பேசியவர் சிலமலை அக்கா. சிலமலையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர் என்பதால் அந்தப் பெயர். எங்களில் மூத்தவர், குரலிலும் மூத்தவர்.

"அவ ஒரு ஓரமா உக்காந்து எங்களுக்குக் கதை வாசிக்கட்டும் முதலாளி. எப்பப் பாத்தாலும் பையில ஒரு புத்தகத்தைப் போட்டுக்கிட்டுத் திரியிறாள்ல, அது எங்களுக்கும் பிரயோசனப்படட்டும். வாய்க்கு என்ன, கட்டா போட்டிருக்கு?"

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேலை மட்டும் சுணங்கக் கூடாது, பாத்துக்கங்க" என்று விட்டுவிட்டார்.

என் பையில் அன்று இருந்தது நூலகத்தில் எடுத்த ஒரு துப்பறியும் நாவல். பெரிய பங்களா, இறந்துபோன பணக்காரர், சந்தேகப்பட ஏழெட்டுப் பேர். இடது கையால் பக்கத்தைப் புரட்டி, சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். முதல் அத்தியாயம் முடிவதற்குள் சிலமலை அக்கா கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டார். மூன்றாவது அத்தியாயத்தில் அந்த ஆளே செத்துப்போனான். "அப்ப அந்த டிரைவர்தான்" என்று உடனே அடுத்தவனுக்கு மாறினார். மத்தியானச் சாப்பாட்டிலும் அதே பேச்சு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அதே பேச்சு.

ஆனால் பேச்சு கூடக் கூடக் கை நின்றது. யார் கொலை செய்தது என்று தெரியப்போகிற இடத்தில் எல்லாரும் தட்டை மறந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து முதலாளி படியேறி வந்தார்.

"இதுக்குத்தான் சொன்னேன். நாளையிலிருந்து வாசிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். மலையடிவாரக் குரங்கணியிலிருந்து வரும் ஒரு பெண் மட்டும் முதலாளியின் சட்டையையே பார்த்தாள். அவள் எதற்கும் வாயைத் திறக்காதவள். யார் என்ன கேட்டாலும் "சரிக்கா" என்பதுதான் அவளுடைய பேச்சு. அவள் கொண்டுவரும் நார்த்தங்காய் ஊறுகாயை நாங்கள் எல்லோரும் பங்கு போட்டுச் சாப்பிடுவோம். பாட்டிலை மாடிப்படிக்குப் பக்கத்து அலமாரியில் வைப்பாள். அந்த ஊறுகாய் சில நாளாக நாங்கள் தின்பதைவிட வேகமாகக் குறைந்துகொண்டு வந்தது. ஒருவரை ஒருவர் ஜாடையாகப் பார்த்துக்கொண்டோமே தவிர, யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அவள் சிலமலை அக்காவின் காதில் ஏதோ சொன்னாள். அக்கா எழுந்தார்.

"முதலாளி, உங்க வெள்ளைச் சட்டைக் கையில என்ன அது, எண்ணெய்க் கறை? மஞ்சளா, மொளகாப்பொடியோட?"

முதலாளி கையைப் பின்னால் மறைத்தார். அதுவே போதுமாக இருந்தது. அக்கா நாவலில் வரும் துப்பறிவாளர் மாதிரியே குறுக்கும் நெடுக்கும் இரண்டு நடை நடந்தார். "நாங்க யாரும் எடுத்தா விரல்ல ஏலக்கா வாசம் இருக்கும். பாட்டில் மூடியில அந்த வாசமே இல்லையேன்னு பாத்தேன். காயைத் தொடாத கைதான் அந்த மூடியைத் தொறந்திருக்கு. இந்தக் கட்டடத்துலயே காயைத் தொடாதவரு நீங்க ஒருத்தருதான்."

முதலாளி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "பிரஷர் இருக்குன்னு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிட்டாரும்மா. வீட்டுல ஊறுகாய் பாட்டிலை எங்கே ஒளிச்சு வைக்கிறாங்கன்னே தெரியலை. நான் என்ன செய்ய?"

சிரித்துச் சிரித்து எனக்கு மணிக்கட்டு வலித்தது. அவர் வீட்டம்மாவிடம் சொல்லமாட்டோம் என்று நாங்கள் சொன்னோம். வாசிப்பு தொடரலாம் என்று அவர் சொன்னார். கூடவே ஊறுகாயைத் தொடக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொன்னதால், அவருக்கு உடம்புக்கும் நல்லதாகப் போயிற்று.

அடுத்ததாக அவர்களே ஒரு வைத்தியப் புத்தகம் எடுத்துவரச் சொன்னார்கள். அதை வாசித்த வாரம் மாடியே ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது. இதய நோயின் அறிகுறிகளை வாசித்தால் எல்லாருக்கும் நெஞ்சு படபடத்தது. சிறுநீரகத்துக்குப் போனால் எல்லாரும் இடுப்பைப் பிடித்தார்கள். ஆம்பளைகளுக்கு மட்டுமே வருகிற ஒரு நோய்கூடத் தனக்கு இருப்பதாக ஒருத்தி சொன்னாள். இது ஆகாது, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நான் முடிவு செய்திருந்த அன்று, கண்ணைப் பற்றிய பக்கம் வந்தது. கிட்டத்துப் பொருளை நெடுநேரம் உற்றுப் பார்த்தால் சாயங்காலம் நெற்றி வலிக்கும், எழுத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்க்கத் தோன்றும் என்று எழுதியிருந்தது.

சிலமலை அக்கா கையிலிருந்த காயைக் கீழே வைத்தார். வருசக்கணக்கில் தலைவலி மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு அலைபவர் அவர். "இது எனக்குன்னே எழுதுன மாதிரியில்ல இருக்கு?" என்றார். இந்தத் தடவை அவர் குரலில் விளையாட்டு இல்லை.

அன்று சாயங்காலமே கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடி வந்த நாளில் மாடியில் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு முகத்தைப் பிடித்துப் பார்த்தார். "ஏ தாயி, உனக்கு மூக்கு ஓரத்துல மச்சமா? இத்தனை நாளா சொல்லவே இல்ல?" என்று என்னைக் கேட்டார். பிறகு தட்டிலிருந்து ஒரு காயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பச்சையையா நான் இத்தனை வருசமா கலங்கலா பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

பிறகு ஒரு முன்னேற்றப் புத்தகம். வெற்றி பெறுவது எப்படி என்று படிப்படியாகச் சொல்லும் வகை. விடியற்காலை எழுந்தால் வாழ்க்கை மாறும் என்பது அதன் முதல் பாடம். மாடியில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. "எங்காத்தா காலத்துலேருந்து கோழிக்கு முன்னாடிதான் எந்திரிக்கிறோம். எங்க வெற்றி எந்த பஸ்சுல வருதாம்?" என்றார் அக்கா. எனக்கும் அந்தப் புத்தகத்தின் மேல் பெரிய மதிப்பு இல்லை. எழுதினவர் ஒருநாளும் தானே காபி போட்டுக் குடித்திருக்கமாட்டார் என்று தோன்றியது. எடுத்ததை முடிக்கவேண்டுமே என்றுதான் வாசித்தேன். நடுவில் 'முடியாது என்று சொல்லப் பழகுங்கள்' என்று ஒரு அத்தியாயம். அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்து கிளம்பும்போது சிலமலை அக்கா வழக்கம்போல, "அடியே, நாளைக்கு வரும்போது நாலு பட்டர் ஃப்ரூட்டு கொண்டா" என்றார்.

"முடியாதுக்கா" என்றாள் குரங்கணிப் பெண்.

படியில் கால் வைத்தவர்கள் எல்லாரும் திரும்பினோம். அவளுக்கே தூக்கிவாரிப்போட்டிருக்கவேண்டும், முகம் சிவந்துவிட்டது. "பஸ்சுல கூட்டத்துல நசுங்குதுக்கா. பை எல்லாம் ஊத்திப்போகுது. நெனச்சா நானே கொண்டாறேன். தெனமும் முடியாது."

அக்காவுக்குச் சுருக்கென்று பட்டிருக்கும். அன்று பஸ் ஸ்டாண்டுக்கு எங்களை விட்டுத் தனியாக முன்னால் நடந்தார். மறுநாள் காலையில் அவரே அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நல்லாத்தான்டி சொல்ற. இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு, அதான் குறை" என்றார்.

அது ஒத்திகை மாதிரிதான் என்பது பின்னால் தெரிந்தது. குரங்கணியில் அவளுடைய கணவரின் அண்ணன், மலையேற வருகிறவர்கள் தங்க அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். போடி வேலையை விட்டுவிட்டு வந்து, விருந்தாளிகளுக்குச் சமைக்கவேண்டும் என்று அவளை நெருக்கிக்கொண்டிருந்தார். அவள் மாசக்கணக்கில் "சரி மாமா, பாக்கலாம் மாமா" என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள். அந்த வாரம் வீட்டில் எல்லாரும் இருக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"என்ன சொன்ன? அப்படியே சொல்லு" என்று நாங்கள் சூழ்ந்துகொண்டோம்.

"ஞாயித்துக்கிழமை கூட்டம் இருந்தா வந்து ஒத்தாசை பண்றேன் மாமா, வேலையை விட முடியாதுன்னேன்."

"அவரு?"

"மொறைச்சாரு."

"உம் புருசன்?"

"ஒண்ணும் சொல்லலை. ஆனா காலையில எப்பவும் நான் நடந்துதான் பஸ்சுக்கு வருவேன். இன்னைக்கு வண்டியில கொண்டாந்து விட்டாரு."

நான் அந்த முன்னேற்றப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து அட்டையைத் துடைத்து வைத்தேன். புத்தகம் எந்தப் பக்கத்தில் யாருக்கு உதவும் என்பது எழுதினவருக்கும் தெரியாது, வாசிக்கிறவருக்கும் தெரியாது. நூலகத்தில் நான் மூக்கைச் சுளித்துத் தாண்டிப்போகும் அலமாரிகள் சில உண்டு. அதற்குப் பிறகு அப்படித் தாண்டிப்போவதில்லை.

கட்டுப் பிரிக்கும் சமயத்தில் வாசித்தது ஒரு பயணப் புத்தகம். எங்கெங்கோ மலைகளில் தனியாக நடந்த ஒருவர் எழுதியது. பனி, பாறை, மேகத்துக்கு மேலே நின்று பார்ப்பது என்று நன்றாகவே எழுதியிருந்தார். வாசித்து முடித்ததும் அக்கா ஜன்னல் வழியே மேற்கே காட்டினார்.

"இந்த மலையைப் பொறந்ததுலேருந்து பாக்குறேன். மழை வருமான்னு பாக்க அதைப் பாப்பேன். அதுமேல ஒருநாளும் ஏறுனதில்லை. மெட்ராஸ்லேருந்து பை மாட்டிக்கிட்டு வந்து ஏறிட்டுப் போறானுக."

எங்களில் பலரும் அப்படித்தான். மலையிலிருந்து வரும் காயைத்தான் தெரியும், மலையைத் தெரியாது. குரங்கணிப் பெண் தன் கணவரிடம் பேசினாள். தை மாதத்து ஞாயிறு ஒன்றில் ஜீப்பில் குரங்கணி போய் இறங்கினோம். வனத்துறைச் சாவடியில் பெயர் எழுதி அனுமதி வாங்கினோம். அவள் கணவர் முன்னால் நடந்து வழிகாட்டினார்.

மலையேறுகிறவர் குறைவாகச் சுமக்கவேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. நாங்கள் புளிச்சோறு, தயிர்ச்சோறு, அவித்த முட்டை, முறுக்கு, ஒரு குடை, அக்காவின் வெற்றிலைப் பை எல்லாம் சுமந்தோம். அக்கா மட்டும் தன் மகனின் ஸ்போர்ட்ஸ் ஷூவைச் சேலைக்குக் கீழே மாட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு அளவு பெரியதாம், முன்னால் துணி திணித்திருந்தார். காப்பித் தோட்டம் தாண்டி ஏற்றம் வந்ததும் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தோம். "வெரசா வாங்கடி, வெயில் ஏறுது" என்று கூப்பிட்டது, அதுவரை யாரையும் அதட்டியே அறியாத அந்தக் குரங்கணிப் பெண்தான்.

ஓரிடத்தில் மர நிழலில் ஏலச் செடிகள் நின்றன. அடியில் தரையோடு ஓடிய தண்டில் பச்சைக் காய்கள். பல வருசம் இதைப் பிரித்தவர்கள் குனிந்து சுற்றி நின்று பார்த்தோம். யாரும் பறிக்கவில்லை. அக்கா ஒரு காயை விரலால் தடவிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

மொட்டைப் பாறை ஒன்றின் மேல் ஏறியபோது கீழே முழுப் பள்ளத்தாக்கும் விரிந்தது. போடி ஒரு கையளவு வெளுப்பாகத் தெரிந்தது. அதற்கும் அப்பால் வயல்கள், தென்னைகள். புத்தகம் எழுதினவர் இந்த மாதிரி இடத்தில் நெடுநேரம் பேசாமல் நின்றதாக எழுதியிருந்தார். அக்கா போனை எடுத்தார்.

"ஏங்க, வாசல்ல வந்து நில்லுங்க. மஞ்சத் துண்டை எடுத்து ஆட்டுங்க, தெரியுதான்னு பாக்குறேன்... அட, நான் மலை மேல நிக்கிறேங்க! நானுதான்! நம்ம மலை மேல!"

துண்டு தெரியவில்லை, சிலமலையே சரியாகத் தெரியவில்லை. ஆனால் அவர் கணவர் வாசலில் நின்று துண்டை ஆட்டிக்கொண்டே இருந்தாராம், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து என்னவென்று கேட்கும் வரைக்கும். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காற்றில் தூசி என்றார்.

இப்போது என் கை சரியாகிவிட்டது. முறை போட்டு வாசிக்கிறோம். வாசிக்கிறவளின் தட்டை மற்றவர்கள் சேர்ந்து பார்த்துவிடுகிறார்கள். முதலாளியே சில சமயம் நாற்காலியைப் படியோரம் போட்டுக்கொண்டு, கணக்குப் பார்ப்பது போல உட்கார்ந்து கேட்கிறார்.

போன மாதம் சிலமலை அக்கா நூலகத்தில் உறுப்பினர் ஆனார். கூடப் போயிருந்தேன். எந்த மாதிரிப் புத்தகம் வேண்டும் என்று அங்கிருந்தவர் கேட்டார்.

"அழுகாச்சி இல்லாம, அறிவுரை இல்லாம, நல்லா ஓடுற மாதிரி ஒண்ணு குடுங்க தம்பி" என்றார் அக்கா.

ஒரு குடும்ப நாவலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். எட்டாவதோடு நின்ற படிப்பு, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். நான் வீட்டுக்கு வந்து அடுப்பு பற்றவைத்த நேரம் போன் வந்தது.

"தாயி, உங்காத்தா வீடு ராசிங்காபுரத்துல எந்தத் தெரு?"

"ஏன்க்கா?"

"கதையில அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் முடிவாகுற எடம். சிலமலை வந்ததையே பாக்கலை. கண்டக்டரு சொல்லித்தான் நிமிந்து பாத்தேன், எங்க ஊரைத் தாண்டி ராசிங்காபுரத்துல நிக்கிறேன். திரும்பிப் போற பஸ்சு வர நேரமாகுமாம். உங்காத்தாகிட்டப் போன் போட்டு ஒரு காப்பித்தண்ணி வைக்கச் சொல்லு. அதுக்குள்ள இந்த அத்தியாயத்தை முடிச்சிருவேன்."