ஓலைக்கு வைத்த கல்

போன மாதம் அக்காவும் நானும் லண்டனிலிருந்து அயர்லாந்தில் ஒரு சிறிய சந்தை நகரத்துக்குப் போனோம். சந்தை இல்லாத நாள். ஆளரவமற்ற கால்வாய்க் கரையில் நடந்தபோது, அசையாத தண்ணீரிலிருந்து அழுகிய இலையின் மணம் எழுந்தது. யாழ்ப்பாணத்தில், கிடுகு பின்னத் தென்னோலை ஊறவைக்கும் எங்கள் குளத்தின் மணம் அது.

நான் சிறுவனாக இருந்தபோது ஒருமுறை, மாரிக்கு முன் கூரை வேய்வதற்காக அக்கா ஓலைகளைக் குளத்தில் அடுக்கி, மேலே கல் ஏற்றியிருந்தாள். ஓலை படகுபோல மிதப்பதைப் பார்க்கும் ஆசையில் நான் கற்களை எடுத்துவிட்டேன். அன்று பெய்த மழையில் ஓலைகள் வாய்க்கால் வழியே போய்விட்டன.

"ஒரு கல்லுக்கூட ஒழுங்கா வைக்கத் தெரியாதே உனக்கு, எருமை!" என்று எங்கள் தகப்பனார், ஐயா, அக்காவைப் பூவரசங்கம்பால் அடித்தார். நான் வாய் திறக்கவில்லை. அந்த மாரி முழுவதும் வீடு ஒழுகியது. ஒழுகும்போதெல்லாம் ஐயா அதையே சொல்லிக்காட்டினார். அதன்பிறகு அக்கா எந்த வேலையைச் செய்தாலும், சரியாகச் செய்தோமா என்று யாரையாவது கேட்காமல் விட்டதில்லை. கலியாணம் செய்து, பிள்ளைகளை வளர்த்து, லண்டன் ஹரோவில் வீடு வாங்கிய பிறகும் அப்படித்தான்.

கால்வாய்க் கரையில் வைத்தே அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை.

"அப்ப நான் கல்லை ஒழுங்கா, வடிவாத்தான் வைச்சனான், என்ன தம்பி?" என்று கேட்டாள்.