துர்காவும் டிவிக்குள் ஓடிய மணவாளனும்

எல்லாம் அயாஸ் பாய் பண்ணின வேலை. திருத்தணி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பழைய டிவி, பழைய கேம் பெட்டி விற்கிறவர் அவர். கிரிக்கெட் ஆடலாம் என்று ஆசையாய் ஒரு பெட்டி வாங்கி வந்தான் பிரேம்குமார். வீட்டில் மாட்டிப் பார்த்தால் உள்ளே இருந்தது கிரிக்கெட் இல்லை, ரக்பி. சண்டைக்குப் போனவனிடம் பாய் அசராமல் சொன்னார்: "ஏம்பா, பந்து இருக்குது, கிரவுண்டு இருக்குது, முப்பது பேரு ஓடிகினு இருக்கிறான். இன்னும் இன்னா வேணும் உனுக்கு?"

திரும்பி வந்த பிரேம்குமார் அதற்கப்புறம் பெட்டியைத் தொடவில்லை. தொட்டவள் அவன் பெண்டாட்டி துர்கா. பொதட்டூர்பேட்டைத் தறிக்கூடத்தில் நெய்து வருகிற லுங்கிகளை மடித்துக் கட்டுப் போடுகிற வேலை அவளுக்கு. பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருகிறவள். ஒருநாள் சாயங்காலம் உலை வைத்துவிட்டு, அரிசி வேகிற வரைக்கும் சும்மா பார்ப்போமே என்று போட்டாள். அன்றைக்குச் சோறு கஞ்சியாகிப்போனது.

பந்து ஏதோ பப்பாளிப்பழம் மாதிரி இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் முன்னால் வீசக்கூடாதாம்! போக வேண்டியது முன்னால், கொடுக்க வேண்டியது பின்னால் வருகிறவனுக்கு. எந்தப் புண்ணியவான் இப்படி யோசித்தான் என்று அசந்துபோனாள் துர்கா. ஓரத்துக் கோட்டை ஒட்டி ஓடுகிற ஒருத்தனை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சட்டையில் போட்டிருந்த பேர் அவள் வாயில் நுழையவில்லை. மணவாளன் என்று இவளே ஒரு பேர் வைத்தாள். ரெண்டு தடியன்கள் நசுக்க வருவார்கள். இவள் கட்டைவிரல் கொஞ்சம் அசையும். மணவாளன் நழுவிப் போய்விடுவான். ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் புல்லரிக்கும்.

"போடா மணவாளா, போ, போ!"

"யாருடி அந்த மணவாளன்?" என்று குளித்துக்கொண்டிருந்த பிரேம்குமார் ஈரத் தலையோடு ஓடிவந்தான்.

"உன்ன மாதிரி சோம்பேறி இல்ல பாவா, ஓடறான் பாரு." சொந்த அத்தை மகன் என்பதால் பாவா என்றுதான் அவனைக் கூப்பிடுவாள்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த கேமில் இருந்த ஓட்டைக்கும் அளவில்லை. மழை கொட்டும், எவன் சட்டையிலும் சேறு ஒட்டாது. ஒருத்தன் கை இன்னொருத்தன் வயிற்றுக்குள் பூந்து முதுகுப் பக்கம் வரும். கூட ஆடுகிறவர்கள் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரி வேடிக்கை பார்ப்பார்கள். நடுவர் எதற்கு விசில் ஊதினார் என்பது அந்த முருகனுக்கே வெளிச்சம். ரெண்டு கட்சியும் தோளோடு தோள் கோத்துக் குனிந்து முட்டித் தள்ளுவார்களே, ஸ்க்ரம் என்று, அதற்கு ஒரு பட்டனை அழுத்தினால் போதும், முடிந்துவிடும். பொம்பளை டீமே கிடையாது. "சீ, இதெல்லாம் ஒரு கேமா!" என்று திட்டி அணைப்பாள். மறுநாள் உலை வைத்ததும் கை தானாகப் பெட்டிக்குப் போகும்.

அப்புறம் அவளுக்கு ஒரு ஆசை வந்தது. விரலால் ஓட்டியது போதும், காலால் ஒரே ஒரு தடவை ஓடிப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்த நிர்மலா அதே சந்துக்காரி. மாவட்டப் பெண்கள் ரக்பி டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள், கல்யாணம் ஆனவர்களும் வரலாம் என்று அவள்தான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஒரு மைதானத்தில் விழவும் எழவும் தோள் கோக்கவும் பழக்கினாள். பயிற்சி மெதுவாக நடக்கும். விழுந்தவள் எழுந்த பிறகுதான் அடுத்தவள் ஓடுவாள்.

"ரிமோட்டு புடிச்ச கை, பந்தப் புடிக்குமா?" என்றான் பிரேம்குமார்.

"எடுத்துட்டாங்கன்னா இன்னா செய்வ?"

"நீ மேட்சுக்குப் போற நாளெல்லாம் நான் சோறாக்கறேன், போ."

தேர்வு ஆட்டத்தன்று கட்சிக்கு ஏழு பேர். நிர்மலாவும் துர்காவின் கட்சியில் ஆட நின்றாள். அன்றைக்கு விட்டால் அடுத்த வருஷம்தான். தேர்வு செய்ய வந்தவர் சந்திரா மேடம், பழைய ஆட்டக்காரி, சிரிக்கத் தெரியாத முகம். துர்கா கேட்டு வாங்கிக்கொண்டது ஓரத்து இடம், மணவாளன் இடம்.

முதல் தடவை அவளைப் பிடித்துத் தள்ளியபோதே தெரிந்துபோனது, டிவி எவ்வளவு பெரிய பொய்யென்று. அம்மாடி, தரைக்கு இவ்வளவு கனமா! வாயில் மண், காதில் யாருடைய மூச்சோ. ஆனாலும் எழுந்தாள். அடுத்த பந்து அவளிடம் வந்தது. ஒருத்தியை ஏமாற்றினாள், ரெண்டாவது ஒருத்தியை ஏமாற்றினாள். எதிரே வெட்டவெளி. உடம்பே சிலிர்த்துப்போனது. முருகா, இது நான்தானா!

அப்போதுதான் வழியில் விழுந்து கிடந்த ஒரு பெண்ணின் தோளில் இவள் கால் பட்டுவிட்டது.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் எத்தனை பேர் மேல் கால் படும்! பட்டதும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம்ம ஊரில் யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை, கை தானாகச் செய்கிற வேலை. துர்கா நின்றாள், குனிந்தாள், அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பந்து கையிலிருந்து நழுவி உருண்டது. எதிர்க் கட்சிக்காரி அதைப் பொறுக்கிக்கொண்டு மறுகோடி வரைக்கும் ஓடிப் புள்ளி எடுத்துவிட்டாள்.

மைதானமே சிரித்தது. கீழே கிடந்தவள்கூட, "பரவால்ல விடுக்கா" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். துர்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போச்சு, எல்லாம் போச்சு.

சந்திரா மேடம் சிரிக்கவில்லை. "ஓரத்துல வேணாம், நீ நடுவுல போ. தள்ளு, பார்க்கிறேன்" என்றார்.

ஸ்க்ரம். கட்சிக்கு மூன்று பேர். நிர்மலா ஒரு பக்கம், பெயர் தெரியாத ஒருத்தி மறுபக்கம், நடுவில் துர்கா. கோத்தார்கள், குனிந்தார்கள், எதிர்க் கட்சியின் தோள் வந்து மோதியது. முதலில் வலி. அப்புறம், ஐயோ, அதை எப்படிச் சொல்வது! மூன்று பேருடைய மூச்சும் ஒன்றாகிப்போனது. நிர்மலாவின் கால் ஊன்றுவது இவள் இடுப்பில் தெரிந்தது. யாருடைய பலம் எங்கே முடிகிறது, யாருடையது எங்கே ஆரம்பிக்கிறது என்று புரியவில்லை. இத்தனை மாதமாய் ஒரே பட்டனில் தாண்டிப் போனோமே, இதற்குள் இவ்வளவு பெரிய உலகம் இருந்திருக்கிறதே என்று குனிந்தபடியே மலைத்துப்போனாள். தள்ளினார்கள். எதிரே மூன்று பேர் பின்னால் நகர்ந்தார்கள். மறுபடி தள்ளினார்கள். மறுபடி நகர்ந்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் சந்திரா மேடம் பக்கத்தில் வந்தார். "ஓடறதுக்கு எனக்கு ஆள் இருக்குது. தள்ளறதுக்கு நீ வா" என்றார்.

வீட்டுக்கு வந்தவளை பிரேம்குமார் வாசலிலேயே மறித்தான். "ஆச்சா, இல்லியா?"

துர்கா பையைக் கீழே வைத்தாள். "குனி பாவா" என்றாள்.

"எதுக்குடி?"

"குனியேன்!"

குனிந்தான். அவன் தோளில் தன் தோளைக் கொடுத்தாள். "இப்ப தள்ளு."

கம்பெனியில் இரும்பு தூக்குகிற உடம்பு அவனுக்கு. சிரித்துக்கொண்டே தள்ளினான். துர்கா அசையவில்லை. பல்லைக் கடித்துத் தள்ளினான். அப்போதும் அசையவில்லை. பிறகு அவள் ஒரு கால் எடுத்து வைத்தாள், அவன் ஒரு கால் பின்னால் போனான். கட்டிலைத் தாண்டி, பீரோவைத் தாண்டி, முதுகு சுவரில் போய் இடித்து நின்றான். அவளையே வாய் பிளந்து பார்த்தான்.

"எடுத்துட்டாங்களா?"

"ஆங்."

"இவ்ளோ வலுவு எங்கடி வச்சிருந்த?"

துர்காவுக்குக் கண் கலங்கியது. "தெரியல பாவா" என்றாள். "எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."