சாரைகளின் மேல் வீசிய துணி

போன வாரம் வரை என் அலமாரியின் அடித்தட்டில் ஒரு முழ நீளக் காடாத் துணி கிடந்தது. ஓரத்தில் மஞ்சள் கறை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளில் சோமனூரில் என் அத்தை வாழ்க்கைப்பட்ட வீட்டின் தறிக்குடோனில் நெய்த துணி அது. அப்பாவின் தங்கை அவர். கல்யாணமாகி ஏழெட்டு வருடம் ஆகியும் பிள்ளை இல்லை. ஒரு கோடையில், குடோனுக்குப் பின்னால் இருந்த சோளக்காட்டில் இரண்டு பாம்புகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றன. தறியை நிறுத்திவிட்டு எல்லோரும் ஓடினார்கள். அத்தையின் மாமியார் கையில் கிடைத்த காடாத் துணியைக் கொண்டுபோய் அவற்றின் மேல் வீசினார். "நல்லபாம்பும் சாரையும் கூடுதுங்க. இந்தத் துணி ஊட்ல இருந்தாப் பேரன் வந்துருவான்" என்றார். பாம்புகள் போனபின் துணியை எடுத்து, மஞ்சள் தடவி, சாமி அறையில் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் அத்தை அதன்முன் விழுந்து கும்பிட வேண்டும். இரவில் வயிற்றில் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும்.

அடுத்த கோடை வந்தது. பிள்ளை வரவில்லை. "பாம்பு குடுத்தும் இவ வகுறு வாங்கலீங்களே" என்று மாமியார் வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். அதுவரை வாய்ப்பேச்சாக இருந்த பழிக்கு அந்தத் துணி சாட்சியாகிவிட்டது. மாமாவுக்கு வேறு பெண் பார்க்கத் தொடங்கினார்கள். மாமாவை மட்டும் எந்த டாக்டரும் பார்த்ததில்லை. ஆண்பிள்ளைக்கு என்ன குறை வந்துவிடும்!

அந்த வருடம்தான் நான் கோவையில் விலங்கியல் படிக்கச் சேர்ந்திருந்தேன். சாரை வேறு இனம், நல்லபாம்பு வேறு இனம், இரண்டும் கூடுவதே இல்லை என்று வகுப்பில் சொன்னார்கள். கிடைத்தால் சாரையை நல்லபாம்பு விழுங்கியும் விடுமாம். அப்படி முறுக்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்பவை இரண்டுமே ஆண் சாரைகள். கடிப்பதில்லை. எதிரியின் தலையைத் தரையோடு அழுத்துவதுதான் அவற்றின் சண்டை. தோற்றது ஒதுங்கிப் போய்விடும். அந்த வாரமே சோமனூருக்கு பஸ் ஏறினேன்.

அடுப்படியில் அத்தையிடம் சொன்னேன். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப அதுல பொட்டையே இல்லியா, கண்ணு?"

"இல்லைங்க அத்தை."

அவர் சாமி அறைக்குள் போய்த் துணியை எடுத்துவந்தார். பெண் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்த மாமாவின் எதிரில் நின்றார். "ஏனுங்க, சண்டை போட்டது ரெண்டு ஆம்பளப் பாம்புங்க. அதுக்கு நான் ஒரு வருசமா உழுந்து கும்பிட்டுப்போட்டேன். ஒருக்கா எங்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க, போதும்."

மாமா சட்டைப் பொத்தானைப் போட்டபடியே என்னைப் பார்த்தார். "ஆணா பொண்ணான்னு பாம்பு வந்து உங்கிட்டச் சொல்லுச்சாக்கு, அம்மணி?" குடோன் ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே இல்லை.

அன்று மாலையே அத்தை துணியோடு போத்தனூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். திரும்பிப் போகவில்லை. மாமாவுக்கு இரண்டாம் கல்யாணம் நடந்தது. அந்தப் பெண்ணுக்கும் பிள்ளை இல்லை. மாமியார் சோளக்காட்டில் மறுபடியும் பாம்பு தேடினாராம். மகனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அத்தை துணியைப் பாதியாகக் கிழித்துக் கரித்துணியாக்கினார். மறுபாதிதான் என் அலமாரியில் கிடந்தது. அத்தை இப்போது இல்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். இரண்டு சாரைகள் முறுக்கிக்கொண்டு நிற்க, "துண்டை வீசு, துண்டை வீசு" என்று யாரோ கத்துகிறார்கள். கல்யாணமாகிப் பிள்ளைக்காகக் காத்திருப்பவள் அவள். "அந்த மாதிரித் துணி எங்காச்சும் கெடைக்குங்களாக்கா?" என்றாள்.

அலமாரியைத் திறந்து துணியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"இந்தா, அடுப்பத் தொடச்சுக்க. உன் ஊட்டுக்காரரைக் கெளம்பச் சொல்லு. ஆஸ்பத்திரிக்கு நானும் வாரேன்."