அம்மாவுக்குக் குணமானது, அக்காவுக்குக் குணமாகவில்லை

அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை எழுதுவது.

அக்கா பிறந்தது அம்மையார்குப்பத்தில். விசைத்தறி ஓட்டிய எங்கள் நைனா, அக்கா பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதே இறந்துவிட்டார். பகலில் திருத்தணியில் துணிக்கடை வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டம் படித்து, கணக்கு ஆசிரியை ஆனார் அக்கா. என்னைப் படிக்கவைத்த பிறகுதான் பள்ளிப்பட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். கோபம் சட்டென்று வரும். யாராவது தன்னைப் பாவம் என்று சொல்லிவிட்டால் இன்னும் சீக்கிரம் வரும்.

அறுபத்திரண்டு வயதில் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது, தன் கைக்குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு அம்மாவைச் சென்னைக்கு ரயிலில் அழைத்துப்போனவர் அக்காதான். ஆரம்ப நிலை. அறுவை சிகிச்சையும் தினம் ஒரு மாத்திரையுமாக அம்மா தேறினார்.

அடுத்த ஆண்டே அக்காவின் மார்பிலும் ஒரு கட்டி. அவருக்கு முப்பத்துமூன்று வயது. என்னிடம்தான் முதலில் சொன்னார்.

"பால் கட்டியிருக்கும்கா. இந்த வயசுல அதெல்லாம் வராது" என்றேன். இரண்டு மாதம் அப்படியே போனது.

பிறகு அம்மாவைக் காட்டிய அதே சென்னை மருத்துவமனையில் பரிசோதித்தார்கள்; அக்காவுக்கும் அதே நோய்தான். கட்டி அம்மாவுடையதைவிடச் சிறியது, எங்கும் பரவவில்லை என்றதும் எல்லோருக்கும் உயிர் வந்தது. "அம்மாவுக்கே சரியாயிடுச்சு. எனக்கு இன்னா, வயசா ஆயிடுச்சு?" என்று அக்கா சிரித்தார். அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வயசு கம்மின்னு தைரியமா இருக்க முடியாதும்மா. சின்ன வயசுல வர்ற கட்டி நெறைய பேருக்கு வேகமா வளரும், திரும்பியும் வரலாம். அம்மாவுக்குக் கேட்ட மாத்திரை உங்க கட்டிக்குக் கேக்காது" என்றார்.

மருந்து ஏற்றினால் முடி கொட்டும் என்றார்கள். "கொட்றதுக்கு முன்னாடி நானே குடுத்துட்டு வந்துடறேன்" என்று திருத்தணி முருகன் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார் அக்கா. படியிறங்கும்போது, "இங்க யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல பாரு" என்றார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பார்த்தார்கள். அவர் பாட்டுக்குப் பாடம் நடத்தினார்.

சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் நன்றாக இருந்தார். பிறகு இருமல் வந்தது. நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. கடைசி வாரத்தில், அந்த இரண்டு மாதத்தைப் பற்றிச் சொல்லி அழுதேன்.

"நீ சொன்னதாலதான் சும்மா இருந்தேன்னு நெனச்சுகினு இருக்கியா? எனக்கும் பயம்டி. நீ அப்படிச் சொன்னது அன்னிக்கு எனக்கு நல்லா இருந்துச்சு" என்றார். அதன்பின் நான்கு நாட்கள்தான்.

அக்காவைக் கடைசி வரை கையில் ஏந்திக் குளிப்பாட்டிய கணவர், எங்கள் பாவாவுக்கும், பள்ளியில் அக்காவின் வகுப்புகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட ஆசிரியைகளுக்கும், வேலையை விட்டு வந்து ரத்தம் கொடுத்த அம்மையார்குப்பத்துத் தறிக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் எந்த வயதுப் பெண் கட்டி என்று சொன்னாலும் உடனே அழைத்துப் போங்கள். நான் சொன்ன பதிலைச் சொல்லாதீர்கள்.

அம்மாவுக்கு எப்படி ஆறுதல் சொல்வதென்று தெரியவில்லை. போன மாதம் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். "ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கீங்க" என்றார் அதே டாக்டரம்மா. அம்மா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "நான் நல்லா இருந்து இன்னா பண்ணப் போறேன்?" என்று கேட்டார். அவர் கையைப் பிடித்து எழுப்பி, ரயிலுக்கு அழைத்து வந்தேன்.